வாசலில் எத்தனை படி?

சென்ற மாதம் லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்த ஒரு கேள்வியைப் பிரசுரித்தேன். "போனில் நட்பு தேடலாமா, நான் மாற்றுத்திறனாளி" என்பதுதான் கேள்வி. "தேடலாம், விவரம் அடுத்த மாதம்" என்று இரண்டு வரியில் முடித்திருந்தேன். அந்த இரண்டு வரிக்குப் பிறகு திருமாந்துறை, அகரம்சீகூர், பெரம்பலூர், அரியலூர், ஆற்றுக்கு அந்தப் பக்கம் தொழுதூர் என்று கேள்விகள் வந்து குவிந்தன. எல்லோரும் பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். ஊரை மட்டும் போடுகிறேன். நானும் சின்ன வயதில் போலியோ வந்து, காலிப்பர் போட்டு நடப்பவள்தான். அதனால் இந்த மாதம் வேறு கேள்விகளைத் தொடவில்லை.

கட்டட வேலையில் விழுந்து முதுகுத்தண்டில் அடி. 6 வருஷமா வீல்சேர். பேச ஆள் வேணும், பிடிச்சிருந்தா கல்யாணம் வரைக்கும் போகணும். எந்த ஆப் நல்லது? சுத்தி வளைக்காம சொல்லுங்க.
(லப்பைக்குடிக்காடு)

வளைக்கவில்லை தம்பி. பம்பிள் ஒன்று. கல்யாணம்தான் குறி என்றால் எபிலிட்டி மேட்ரிமோனி ஒன்று. இந்த இரண்டு போதும், மூன்றாவதை இறக்காதீர்கள்.

பம்பிள் 2018 கடைசியில் இந்தியாவுக்கு வந்தது. அதில் ஆணும் பெண்ணும் பொருந்தினால் பேச்சைத் தொடங்குவது பெண்ணின் கையில் இருக்கும். உங்களுக்கு அது நல்லது. வீல்சேரில் இருக்கிற உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெண் பேச வருகிறார் என்றால், முதல் பெரிய தயக்கத்தை அவர் தாண்டிவிட்டுத்தான் வருகிறார். நட்புக்கென்று தனி ஏற்பாடும் பம்பிள்காரர்களிடம் உண்டு. எபிலிட்டி மேட்ரிமோனி, சென்னையிலிருந்து இயங்கும் பாரத் மேட்ரிமோனிக்காரர்கள் மாற்றுத்திறனாளிகளுக்காகத் தொடங்கியது. அங்கே வருகிறவர் கல்யாணப் பேச்சுக்கு என்றே வருகிறார்.

எந்த ஆப்பை எடுத்தாலும் யாரையும் கூப்பிடாமல் நீங்களே கணக்குத் தொடங்க முடிகிறதா என்று பாருங்கள். தொடங்கவே தம்பியைக் கூப்பிட்டால், பிறகு வரும் ஒவ்வொரு செய்திக்கும் தம்பி சாட்சியாக உட்கார்ந்திருப்பார்.

எனக்குப் பார்வை கிடையாது. திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வைத்துத்தான் போன் பார்க்கிறேன். எந்த ஆப் பேசும்?
(பெரம்பலூர்)

ஒரு காட்சியைச் சொல்கிறேன். பார்வையில்லாத நண்பர் ஒருவர், பள்ளி ஆசிரியர், எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து புது ஆப் ஒன்றைத் திறந்தார். போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு விரலால் தடவிக்கொண்டே போனார். "பட்டன். பட்டன். படம். பட்டன்." அவ்வளவுதான் அது பேசியது. எந்தப் பட்டன், யாருடைய படம், ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றைத் தட்டினார். யாரோ ஒருவருக்கு விருப்பம் போய்விட்டது. அது யார் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. முகம் வாடிப்போய் போனைச் சட்டைப்பையில் வைத்தார். அந்த ஆப்பைச் செய்தவர்கள் அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆப்கள் மாதத்துக்கு ஒரு தடவை மாறுகின்றன. நான் இன்று சொல்லும் பெயர் அடுத்த மாதம் பேசாமல் போகலாம். அதனால் சோதித்துப் பார்க்கும் வழியைச் சொல்கிறேன். கணக்குத் தொடங்கும் முன்பே 'பின்செல்', 'அமைப்புகள்', 'புகார்', 'தடை செய்' ஆகிய நான்கையும் டாக்பேக் பெயர் சொல்லிப் படிக்கிறதா என்று உதவிப் பக்கத்தில் பாருங்கள், இல்லையென்றால் பார்வையற்ற நண்பர்களிடம் கேளுங்கள். விருப்பம் சொல்லும் பட்டனைவிடத் தடை செய்யும் பட்டன் பேசுகிறதா என்பது முக்கியம். ஓடிவர வழி தெரியாத வீட்டுக்குள் யாரும் நுழைய மாட்டோம் அல்லவா?

படங்களை விவரிக்க இப்போது வழி வந்துவிட்டது. புதிய ஆண்ட்ராய்டு போன்களில் டாக்பேக்கே படத்தைச் சொற்களில் சொல்கிறது. ஆனால் அதை நம்பி அழகை முடிவு செய்ய வேண்டாம். ஒருவர் தன்னைப் பற்றி எழுதியிருக்கிற நாலு வரி அவரை இன்னும் நன்றாகக் காட்டும். அதைப் படிப்பதில் உங்களுக்கு இருக்கிற பொறுமை பார்க்கிறவர்களுக்கு இல்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் ஒரு ஆப் இருந்தால் எவ்வளவு நிம்மதி! ஏன் இல்லை?
(அகரம்சீகூர்)

இருந்தது. நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

கல்யாணி கோனா என்ற பெண் 2014இல் 'வாண்டட் அம்ப்ரெல்லா' என்ற பெயரில் மாற்றுத்திறனாளிகளுக்கான திருமண ஏற்பாட்டு மையம் ஒன்றைத் தொடங்கினார். பிறகு சங்கர் ஸ்ரீனிவாசனோடு சேர்ந்து, மக்களிடமே பணம் திரட்டி, 2016 ஜனவரியில் 'இன்க்ளவ்' என்ற ஆப்பைக் கொண்டுவந்தார். திரைவாசிப்பானோடு வேலை செய்தது. குறைபாடு இல்லாதவர்களும் சேரலாம் என்று கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். நகரங்களில் நேரடிச் சந்திப்புகளும் நடத்தினார்கள். வீட்டைவிட்டே வராதவர்கள் அந்தச் சந்திப்புகளுக்கு வந்தார்கள். 2019இல் இன்க்ளவ் மூடப்பட்டது.

இதில் நம் ஊருக்கு ஒரு பாடம் இருக்கிறது. லப்பைக்குடிக்காட்டை நடுவில் வைத்து 50 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போடுங்கள். பெரம்பலூர், அரியலூர், விருத்தாசலம் எல்லாம் அதற்குள் வரும். அந்த வட்டத்துக்குள் மாற்றுத்திறனாளி, உங்கள் வயதுக்குப் பொருத்தமானவர், போன் வைத்திருப்பவர், அந்த ஒரு ஆப்பில் இருப்பவர் என்று வடிகட்டிக்கொண்டே வந்தால் கையில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? தனி ஆப்பில் மரியாதை அதிகம், ஆள் குறைவு. பொது ஆப்பில் ஆள் அதிகம், மரியாதையை நாம் சல்லடை போட்டுத்தான் எடுக்க வேண்டும். அமெரிக்காவில் ஜாக்குலின், அலெக்ஸா என்ற சகோதரிகள் 2022இல் 'டேட்டபிலிட்டி' தொடங்கினார்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்காக 2019இல் 'ஹிக்கி' வந்தது. நல்ல முயற்சிகள்தான். ஆனால் வேப்பூருக்கு அந்தப் பக்கம் இருப்பவரை நமக்குக் காட்ட அவற்றால் முடியாது.

தனி ஆப் கிடைத்தால் தூர வட்டத்தைப் பெரிதாக்கி வைத்து நட்புக்குப் பயன்படுத்துங்கள். பக்கத்தில் ஆள் வேண்டும் என்றால் பொது ஆப்தான்.

ஊனமுற்றவங்களுக்கு எதுக்கு டேட்டிங் எல்லாம்?
(ஊர் போடவில்லை)

மற்றவர்களுக்கு எதற்கோ, அதற்கேதான்.

படத்தில் வீல்சேரைக் காட்டணுமா, மறைக்கணுமா? நண்பர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
(திருமாந்துறை)

நான் பல வருடம் மறைத்தவள். கழுத்துக்கு மேல் படம், சேலை மடிப்புக்குள் காலிப்பர். யாராவது நன்றாகப் பேச ஆரம்பித்தாலே எனக்குள் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும்: எப்போது சொல்வது, இன்றைக்கா, நாளைக்கா? அந்தப் பதற்றத்தில் எதிராளி என்ன பேசினார் என்பதே காதில் விழாது. ஒரு நாள் முழு உருவப் படம் போட்டேன். வந்த செய்திகள் பாதியாகக் குறைந்தன, தூக்கம் திரும்பி வந்தது.

என் கருத்து இதுதான்: குறைந்தது ஒரு படத்திலாவது தெரியட்டும். ஆனால் மருத்துவ வரலாறு வேண்டாம். எப்படி விழுந்தீர்கள், எந்த முள்ளெலும்பு, சிறுநீருக்கு என்ன ஏற்பாடு என்பதெல்லாம் முதல் வாரத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால், "அதைச் சொல்லும் அளவுக்குப் பழகும்போது சொல்கிறேன்" என்று எழுதுங்கள். அந்தப் பதிலுக்கு அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

வலிப்பு, மனநலச் சிக்கல், ரத்தக் கோளாறு என்று வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்குப் படத்தில் காட்ட ஒன்றுமில்லை. நேரில் பார்க்க முடிவு செய்யும் முன் சொல்லிவிடுங்கள். கல்யாணப் பேச்சு என்றால் அதற்கும் முன்னால்.

எங்க ஊர் சின்ன ஊர். ஆப்பில் "2 கி.மீ. தூரத்தில்" என்று காட்டுகிறது. மூன்று சக்கர ஸ்கூட்டரோடு ஒரு பெண் என்றால் அது நான் ஒருத்திதான். அத்தாவுக்குத் தெரிந்தால்?
(லப்பைக்குடிக்காடு)

தங்கச்சி, இந்த மாதத்தின் மிகப் புத்திசாலித்தனமான கேள்வி இது. பெரிய நகரத்தில் உட்கார்ந்து ஆப் செய்கிறவர்களுக்கு இது தோன்றியே இருக்காது. சென்னையில் 2 கிலோமீட்டருக்குள் லட்சம் பேர். உங்கள் தெருவில் 2 கிலோமீட்டர் என்றால் அது வீட்டு விலாசம்.

முதலில் தூரத்தைக் காட்டாதே என்ற அமைப்பைத் தேடுங்கள், அது இல்லாத ஆப் உங்களுக்கு வேண்டாம். அடுத்து, போனில் உள்ள எண்களைத் தடுக்கும் வசதி. டிண்டரில் 2021இலிருந்து இருக்கிறது, வேறு சிலவற்றிலும் உண்டு. உள்ளூர்க்காரர்களை மட்டும் தடுத்தால் போதாது. வெளிநாட்டுச் சபரில் இருக்கிற மச்சான், சாச்சா பிள்ளைகள் எண்ணையும் சேருங்கள். ஊருக்கு வரும்போது அவர்கள் போனும் கூடவே வரும். படத்தில் கடைப் பலகை, பள்ளிவாசல் மினாரா, ஸ்கூட்டர் நம்பர் எதுவும் பின்னால் தெரியக் கூடாது. உங்கள் ஸ்கூட்டரை நான் மறைக்கச் சொல்லவில்லை. அதன் நம்பரை மறையுங்கள்.

அத்தாவைப் பற்றி ஒரு வார்த்தை. 'நிக்காஹ் நோக்கத்தில் மட்டும்' என்று எழுதிவைப்பதில் தவறே இல்லை. வேடிக்கைக்கு வருகிறவர் அதைப் பார்த்தே விலகிவிடுவார். சரியான ஆள் கிடைத்தால் அத்தாவிடம் முதலில் நீங்கள்தான் சொல்ல வேண்டும், ஊர் சொல்லக் கூடாது.

முகச் சரிபார்ப்பு என்று செல்ஃபி கேட்கிறது. "கண்ணைச் சிமிட்டு" என்கிறது. எனக்கு இமையே சரியாக மூடாது. மூன்று தடவை முயன்றும் நிராகரிக்கப்பட்டது. நான் ஆள் இல்லையா?
(அரியலூர்)

இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன் என்ற பெண்ணால், வங்கிக் கணக்குக்கான இணையச் சரிபார்ப்பில் கண் சிமிட்ட முடியவில்லை. அவரும் அவரைப் போன்றவர்களும் வழக்குப் போட்டார்கள். பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினின் வழக்கும் அதோடு சேர்ந்தது. 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு தீர்ப்புச் சொன்னது. இணையச் சேவைகளை எட்டும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றார்கள். கண் சிமிட்டாமலும் ஆளை உறுதிசெய்ய மாற்று வழி வேண்டும் என்பது உட்பட 20 உத்தரவுகள்.

அந்தத் தீர்ப்பு வங்கி, தொலைபேசி போன்றவற்றின் சரிபார்ப்பைப் பற்றியது. டேட்டிங் ஆப் பெயர் அதில் இல்லை. ஆனால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, அணுகல் விதிகளைப் பின்பற்ற வேண்டியவர்கள் என்று அரசுச் சேவைகளோடு தனியார் சேவைகளையும் சேர்த்தே சொல்கிறது. ஆப்பின் உதவி முகவரிக்கு நாலு வரி எழுதுங்கள்: எனக்கு இமை மூடாது, மாற்று வழி கொடுங்கள், 46ஆம் பிரிவும் 2025 தீர்ப்பும் இவை. ஒரு வாரம் பாருங்கள். பதில் வராத ஆப்பை அழித்துவிடுங்கள். உங்கள் முகத்தை ஏற்காத இடத்தில் உங்களுக்கு என்ன வேலை?

நீங்கள் ஆள்தான். அந்தக் கேமராவுக்குத்தான் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

பணம் கட்டி 'பிரீமியம்' எடுக்கலாமா?
(தொழுதூர்)

ஒரு மாதம் சும்மா பயன்படுத்திப் பாருங்கள். உங்கள் பக்கத்தில் ஆளே இல்லை என்றால் பணம் கட்டினாலும் ஆள் முளைக்க மாட்டார். இருக்கிறார்கள் என்றால், ஒரு மாதத்துக்கு மட்டும் எடுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

எனக்குக் காது கேட்காது, பேச்சும் இல்லை. ஆப்பில் பழகியவர் வாய்ஸ் மெசேஜ் மட்டும் அனுப்புகிறார். நான் எழுதினால் "சின்னப் பிள்ளை மாதிரி எழுதுறே" என்கிறார்.
(அரியலூர்)

சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. கையால் யோசித்துவிட்டுத் தமிழில் எழுதும்போது வேற்றுமை உருபு விடுபடும், சொல் முன்பின்னாக வரும். இரண்டு மொழி தெரிந்த ஒருவரின் எழுத்து அப்படித்தான் இருக்கும். ஒரே மொழி தெரிந்தவர் அதைச் சின்னப்பிள்ளைத்தனம் என்கிறார்.

ஒரு வாய்ப்புக் கொடுங்கள். 'வாய்ஸ் வேண்டாம், எழுதுங்கள்' என்று சொல்லுங்கள். டில்லியில் 2015இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 10,000 சொற்களுக்கு அகராதி போட்டிருக்கிறது, இணையத்தில் காணொளியாகப் பார்க்கலாம். அதிலிருந்து ஒரு பத்துச் சொல்லைக் கற்றுக்கொண்டு வீடியோ அழைப்பில் வரச் சொல்லுங்கள். பத்துச் சொல்லுக்குச் சோம்பல்படுகிறவர் வாழ்நாள் முழுக்க உங்களைத்தான் சிரமப்படச் சொல்வார்.

ஆப் தேர்வில் நீங்கள் பார்க்க வேண்டியது இதுதான்: எண்ணைக் கொடுக்காமலே ஆப்புக்குள் வீடியோ அழைப்பு இருக்கிறதா? இருந்தால் அது உங்களுக்கான ஆப்.

என் மகளுக்கு 24 வயசு. பெருமூளை வாதம். பேச்சு குழறும், அறிவு நல்லா இருக்கு. ராத்திரி பூரா போன். யாரோ பையன் கூடப் பேசுறா. போனைப் பிடுங்கிட்டேன். செஞ்சது சரிதானே?
(லப்பைக்குடிக்காடு)

அம்மா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. 24 வருடம் அவளைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கிச் சுமந்த கை அது. ஆனால் போனைத் திருப்பிக் கொடுங்கள், இன்றைக்கே.

ராம் இயக்கி 2019இல் வந்த 'பேரன்பு' படம் கிடைத்தால் பாருங்கள். பெருமூளை வாதம் உள்ள மகள் வளர்ந்து பெரியவளாவதை ஒரு தகப்பன் எப்படித் தடுமாறித் தடுமாறி ஏற்றுக்கொள்கிறார் என்பதுதான் கதை. நம் வீட்டுப் பிள்ளைகளின் உடம்பும் வளர்கிறது, மனசும் வளர்கிறது. நாம்தான் அவர்களைத் தொட்டிலிலேயே வைத்துப் பார்க்கிறோம்.

போன் அவளுக்கு ஒன்றைத் தந்திருக்கிறது. நேரில் அவள் ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் நீங்களோ நானோ குறுக்கே புகுந்து முடித்துவிடுவோம். எழுத்தில் யாரும் குறுக்கிட முடியாது. அந்தப் பையன் அவளுடைய முழு வாக்கியத்தைப் படிக்கிறான்.

பாதுகாப்புக்கு அவளோடு மூன்று விஷயம் பேசி முடிவு செய்யுங்கள். பணம் கேட்டால் உங்களிடம் சொல்ல வேண்டும். அந்தரங்கப் படம் கேட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். நேரில் பார்க்க வேண்டும் என்றால் உங்களுக்குத் தெரிந்து, பகலில். மற்றதைப் படிக்காதீர்கள். அவளுக்குத் தட்டச்சு சிரமமாக இருந்து உங்களைப் படிக்கச் சொன்னால் மட்டும் படியுங்கள். படித்ததைப் பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்லாதீர்கள்.

ஒரு பெண் 3 மாதமாகப் பேசினார். ஆஸ்பத்திரிச் செலவு என்றார். 40,000 அனுப்பினேன். இப்போது எண் இல்லை.
(பெரம்பலூர்)

இதைப் படிக்கும் முன்பே 1930க்கு அழைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு அழையுங்கள். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் எண் அது. சீக்கிரம் சொன்னால் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. பணம் அனுப்பிய ரசீது, பேசிய பக்கங்களின் படம் எதையும் அழிக்காதீர்கள்.

வெட்கப்படாதீர்கள். தனிமையில் இருப்பவரைத் தேடிப் பிடிப்பதுதான் அந்தக் கூட்டத்தின் தொழில். உதவித்தொகை எவ்வளவு வருகிறது, விபத்து இழப்பீடு எவ்வளவு கிடைத்தது என்று விசாரிக்க ஆரம்பித்தால் அதுதான் அறிகுறி. யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஆதார், பாஸ்புக் முதல் பக்கம் இவற்றை "உண்மையான ஆளா என்று பார்க்க" என்று கேட்பார்கள். ஒரு வீடியோ அழைப்பு போதும் அதற்கு. அட்டை எதற்கு?

வீடியோ அழைப்பில் ஆடையைக் களையச் சொல்லிப் பதிவு செய்து மிரட்டுகிறார்கள் என்று இன்னும் இருவர் எழுதியிருக்கிறார்கள். ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். அனுப்பினால் நிறுத்த மாட்டார்கள். அதே 1930.

"உங்களைக் கல்யாணம் பண்ணி வாழ்வு கொடுக்கிறேன்" என்று ஒருவர்.
(அகரம்சீகூர்)

உங்களிடம் ஏற்கனவே ஒரு வாழ்வு இருக்கிறது. நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

இன்னொரு வகை ஆள் வருகிறார். என் கால், என் காலிப்பர், அதைப் பற்றி மட்டுமே பேச்சு. படம் வேண்டும் என்கிறார். என் பெயரைக்கூட இன்னும் கேட்கவில்லை.
(பெரம்பலூர்)

உலகம் முழுக்க இப்படிப்பட்டவர்கள் உண்டு. குறைபாடுள்ள உடம்பின் மேல் மட்டும் மோகம். எனக்கும் வந்தது. முதலில் 'பரவாயில்லை, வெறுக்கவில்லையே' என்று தோன்றும். அந்த நினைப்புதான் ஆபத்து. பெயர் கேட்காதவருக்குப் படம் எதற்கு? தடை செய்யுங்கள், புகார் செய்யுங்கள், எழுதியதைச் சேமித்து வையுங்கள்.

மாற்றுத்திறனாளி திருமணத்துக்கு அரசு உதவி உண்டாமே? ஆப்பில் சந்தித்துக் கட்டினாலும் கிடைக்குமா?
(திருமாந்துறை)

எங்கே சந்தித்தீர்கள் என்று விண்ணப்பத்தில் கேட்க மாட்டார்கள். பார்வையற்றவர், காது கேளாத வாய் பேசாதவர், கை கால் பாதிக்கப்பட்டவர் ஆகியோரை மணப்பவர்களுக்கும், மாற்றுத்திறனாளியை மாற்றுத்திறனாளியே மணந்தாலும் தமிழக அரசின் திருமண உதவித் திட்டங்கள் உள்ளன. 25,000 ரூபாயும் 8 கிராம் தங்க நாணயமும். பட்டமோ பட்டயமோ படித்திருந்தால் 50,000. பெரம்பலூரில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். முதல் திருமணச் சான்று, வயதுச் சான்று எல்லாம் தயாராக இருக்கட்டும்.

அந்தத் திட்டங்களின் பெயரில் 'நல்ல நிலையில் உள்ளவர்' என்று ஒரு சொல் வரும். மாற்றுத்திறனாளியை மணக்கும் மற்றவரை அப்படித்தான் குறிக்கிறார்கள். திருமணத் தளங்களில் 'நார்மல்' என்ற கட்டமும் இதே ரகம். பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை. சொல்லை மாற்றச் சொல்லி ஒரு மனுவும் கொடுங்கள். 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லே அரசு மாற்றி வந்ததுதான்.

போலியோ. பிள்ளைக்கும் வருமா என்று பையன் வீட்டில் கேட்கிறார்கள்.
(தொழுதூர்)

வராது. போலியோ வைரஸ் கிருமியால் வருவது, ரத்த வழி வருவது இல்லை. விபத்தில் வந்ததும் பிள்ளைக்குப் போகாது. தசைச்சிதைவு, பரம்பரைக் காதுகேளாமை, சில கண் நோய்கள் போன்றவை வழிவழியாக வரலாம். அவை உள்ளவர்கள் மரபியல் ஆலோசனை கேட்கட்டும். சொந்தத்தில் சம்பந்தம் பேசும் குடும்பங்கள், குறைபாடே இல்லாவிட்டாலும், இதே ஆலோசனையைக் கேட்பது நல்லது.

தொழுநோய் வந்து முழுக்கக் குணமாகிவிட்டது. விவாகரத்துக்கு அது காரணம் ஆகுமாமே, பயமாக இருக்கிறது.
(ஊர் வேண்டாம்)

பழைய கதை. 2019இல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவத் திருமணச் சட்டங்களோடு சிறப்புத் திருமணச் சட்டத்திலும் தொழுநோய் இனி விவாகரத்துக் காரணம் இல்லை. தைரியமாகப் பழகுங்கள்.

குறைபாட்டைச் சொன்னவுடன் காணாமல் போகிறார்கள். இதுவரை 11 பேர்.
(லப்பைக்குடிக்காடு)

வலிக்கும். வலிக்காது என்று சொல்ல மாட்டேன். என்னைவிட்டுப் பதினோராவது ஆள் போன ராத்திரி நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆப்பை இரண்டு வாரம் மூடி வைத்தேன், அழிக்கவில்லை. பழைய தோழி ஒருத்திக்குப் போன் போட்டு ஒரு மணிநேரம் பேசினேன், இதைத் தவிர மற்ற எல்லாவற்றையும். வாரத்துக்கு இவ்வளவு நேரம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளெல்லாம் போனையே பார்த்துக்கொண்டிருந்தால், அது சத்தம் போடாத ஒவ்வொரு நிமிடமும் மறுப்பாகவே தெரியும்.

காதல், கல்யாணம் எதுவும் வேண்டாம். நல்ல நண்பர்கள் போதும். ஆப் கட்டாயமா?
(வேப்பூர்)

இல்லவே இல்லை. பார்வை மாற்றுத்திறனாளிகளே நடத்திய 'விரல்மொழியர்' மின்னிதழைத் தேடிப் படியுங்கள். ஒருவர் எழுதியது பிடித்திருந்தால் அவருக்குக் கடிதம் எழுதுங்கள், அதைவிட நல்ல அறிமுகம் கிடையாது. தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கத்தின் கூட்டம் பக்கத்தில் எங்காவது நடந்தால் போய் உட்காருங்கள். கோரிக்கைக்காகக் கூடிய இடத்தில் கல்யாணம் வரை முடிந்த கதைகள் எனக்குத் தெரியும். உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க 2025இல் சட்டமும் திருத்தியிருக்கிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் நியமிக்கப்பட்டிருந்தால் விசாரித்துப் போய்ப் பாருங்கள். ஒரு சாய்தளம் கேட்டு இரண்டு பேர் சேர்ந்து மனு எழுதினால் நட்பு தன்னாலே வரும்.

முதல் சந்திப்புக்கு எங்கே போகலாம்? ரஞ்சன்குடி கோட்டை என்கிறார் அவர்.
(பெரம்பலூர்)

கோட்டை அழகுதான். ஆனால் உங்கள் கேள்வியில் ஊன்றுகோல் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே படி ஏறி இறங்கியே பொழுது போய்விடும், பேச முடியாது. மூச்சு வாங்கும்போது யாருக்கும் நல்ல பதில் வராது.

முதல் சந்திப்பு உட்கார்ந்து பேசுகிற இடமாக இருக்கட்டும். பகல் நேரம், ஆள் நடமாட்டம், தரைத்தளம். நெடுஞ்சாலை ஓரம் இருக்கிற பெரிய உணவகங்களில் ஒன்றுக்கு முந்தின நாளே போன் செய்து, வாசலில் எத்தனை படி, கைப்பிடி உண்டா, கழிப்பறைக் கதவு எவ்வளவு அகலம், மேற்கத்தியக் கழிப்பறை இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். "ரெண்டே ரெண்டு படிதான்" என்பார்கள். ஏறுகிறவருக்கு ரெண்டு, நமக்கு அது சுவர். உங்கள் வண்டியிலேயே போங்கள், திரும்பி வருவதும் அதிலேயே. எங்கே போகிறீர்கள் என்று ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

இன்னொன்று. அந்தப் படிக் கணக்கை அவரையே விசாரிக்கச் சொல்லிப் பாருங்கள். என் கணவர் முதல் தடவை என்னைப் பார்க்க வருவதற்கு முன் அனுப்பிய செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது: "நேத்து போய்ப் பார்த்தேன். முன் வாசல்ல மூணு படி, கைப்பிடி இல்ல. பின்பக்கம் பார்க்கிங் வழியா படியே இல்ல. அங்க நிக்கிறேன்."

ஒரு பெண் "ஹாய்" அனுப்பி இரண்டு நாள் ஆகிறது. என்ன பதில் போடுவது என்று தெரியவில்லை.
(லப்பைக்குடிக்காடு)

தம்பி, நீங்கள்தானே முதல் கேள்வி கேட்டவர்? கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன். திருப்பி "ஹாய்" போடாதீர்கள். அவர் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று மறுபடி படியுங்கள். மாடியில் செடி வளர்க்கிறேன் என்று எழுதியிருந்தால், என்ன செடி என்று கேளுங்கள். சீக்கிரம், இன்னொருத்தர் கேட்பதற்குள்.